தோலுக்கடியில் சுண்ணாம்பு, நான் நிறுத்திய பால்

காலை 6.42. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நர்ஸ் வெளியே வந்து, "சுகந்தி வீட்டுக்காரர் யாரு?" என்றார். நான்தான் என்றேன். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். வேலைப் பழக்கம்.

சுகந்தி போய்ப் பதினெட்டு நாள். பிரிக்காத மாத்திரை அட்டைகள் ஏழு மிச்சமிருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் சுகந்தியைப் பார்த்த மூட்டு டாக்டரிடம் கொடுத்தால், வாங்க முடியாத யாருக்காவது ஆகும் என்று இன்று போனேன். இதே நோய்க்காகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் 9.10க்குப் பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய், இருபத்தெட்டு நிமிடம். ஒன்பதுக்கு மேல் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். விரல் மடங்காதவர்களால் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்த உடம்பையே தாக்கும் நோய் இது. தோல் இறுகும். சுகந்திக்கு விரல் நுனியிலும் முழங்கையிலும் கால்சியம் கல் கல்லாகப் படிந்தது. சில சமயம் தோல் வெடித்து, கரைத்த சாக்பீஸ் மாதிரி வெளியே வரும். நான் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஆலையில் பாய்லர் பார்க்கிறேன். குழாயில் சுண்ணாம்பு படிந்தால் உள்ளே போகும் தண்ணீரைச் சரிசெய்வோம். வீட்டிலும் அதைத்தான் செய்தேன். பால், தயிர், பால்கோவா எல்லாம் நிறுத்தம். இரண்டு வருடம்.

கிளினிக்கில் டோக்கன் பதினாலு. பக்கத்தில் வத்திராயிருப்பிலிருந்து வந்த ஓர் அக்கா. முழங்கையில் அதே கல். மடியில் பால்கோவாப் பொட்டலம்.

"கையில இம்புட்டுக் கல்லை வச்சிக்கிட்டு இதைச் சாப்பிடலாமாக்கா?"

"டாக்டரம்மாதான் எலும்பு தேஞ்சிரும், பாலு குடின்னாவ. நீங்க என்ன, இன்ஜினியரா?"

"ஆமா."

"அதான பாத்தேன். எங்க வீட்லயும் ஒருத்தரு இருக்காரு. பல்லு விளக்கவும் ரூல் போடுவாரு."

உள்ளே போய் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு டாக்டரிடம் பாலைப் பற்றிக் கேட்டேன்.

"ரத்தத்துல கால்சியம் சரியாத்தான் தம்பி இருந்துச்சு. நோயால கெட்டுப்போன தோல்லயும் தசையிலயும் அது போயிப் படியுது. பாலை நிறுத்தினா அது நிக்காது. சுகந்தி போனது நுரையீரலால." மாத்திரை அட்டைகளை மேசை ஓரம் நகர்த்தினார். "இதைப் போன தீபாவளி சமயத்துலயே அவகிட்டச் சொன்னேனே. சொல்லலையா?"

"இல்ல."

"'அவரு போட்ட ரூல் இருக்கட்டும் டாக்டர். அதுவும் இல்லன்னா அவரு கையைக் கட்டிக்கிட்டு எப்படி உக்காந்திருப்பாரு'ன்னா."

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மாதம் தவறாமல் வந்த தெரு.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் போனிலேயே டோக்கன் போடுங்கள். பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போங்கள். கட்டியைப் பிதுக்க வேண்டாம். சாப்பாட்டில் எதையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். முக்கியமாக, உள்ளே இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். நான் நேரம் மிச்சம் என்று ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் மெடிக்கல் கடை வரிசையில் போய் நின்றுவிடுவேன்.

கிளினிக்கிலிருந்து மடவார் வளாகம் நடந்தே பத்து நிமிடம். சுகந்தியின் அம்மா வீடு அங்கேதான். மகளுக்கென்று அத்தை கொடுத்துவிடும் பால்கோவாவை மூடி திறக்காமல் திருப்பி அனுப்புவேன். ஒருமுறைகூட அவர் கோபித்ததில்லை. "நீங்க படிச்சவுக, உங்களுக்குத் தெரியும்" என்பார். இன்று டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். என்ன சொன்னாவ என்று கேட்பார்.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. 12.05 பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். போனை அணைத்து வைத்திருக்கிறேன்.