திக்கிக்கொண்டே சொன்ன பதில்கள்

கடப்பாக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஷஃபியுல்லாவின் மகள் ஜன்னாவுக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சு திக்கும். பள்ளியில் பாடம் வாசிக்கும் முறை அவளிடம் வரும்போது ஆசிரியர்கள் அவளைத் தாண்டி அடுத்த பெண்ணிடம் போய்விடுவார்கள். பாவம் பார்த்துத்தான் அப்படிச் செய்தார்கள். அவளுக்கோ அதுதான் பெரிய அவமானமாக இருந்தது. பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் பேச்சுப் பயிற்சிக்கான பட்டப்படிப்பில் சேர்ந்தாள். "உனக்கே பேச்சு வரல, நீ யாருக்குச் சொல்லிக் குடுக்கப் போற?" என்று உறவில் சிலர் கேட்டார்கள். ஷஃபியுல்லா ஒன்றும் கேட்காமல் கல்லூரியில் கொண்டுபோய் விட்டார்.

படிப்பு முடிந்ததும் செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளி அவளை நேர்காணலுக்கு அழைத்தது. அத்தா ஷஃபியுல்லாவும் கூடவே வந்து அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே தலைமை ஆசிரியை பிரபாவதியும் தாளாளர் தமிழ்வாணனும் இருந்தார்கள். பெயரைக் கேட்டார்கள்.

"ஜ... ஜ..." அங்கேயே நின்றுவிட்டது.

"ஜன்னா, அதானே?" என்று தாளாளர் முடித்துவைத்தார்.

"கொஞ்சம் இருங்க சார். நானே சொ... சொல்லிடறேன்." பெயரை முழுதாகச் சொன்னாள். "எனக்குத் திக்கும் சார். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். ஆனா வந்துடும்."

தமிழ்வாணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரிம்மா. திக்கற பிள்ளைக்கு நீங்க என்ன செய்வீங்க?"

"மொதல்ல, 'மெதுவா பேசு, மூச்சு இழுத்துட்டுப் பேசு'ன்னு சொல்றத எல்லாரும் நிறுத்தணும். எங்கிட்ட அத சொல்லாதவங்களே கெடையாது. வார்த்தைய இறுக்கிப் பிடிக்காம மெத்துன்னு ஆரம்பிக்க நான் சொல்லித் தருவேன். ஆனா பாதி வேல டீச்சருங்க கிட்டதான் இருக்கு. புள்ள பேசி முடிக்கற வரைக்கும் காத்திருக்கணும். வாசிக்கற முறை வந்தா தாண்டிப் போகக் கூடாது."

பிரபாவதி கேட்டார்: "எங்க பசங்க பாதிப் பேருக்கு ழ வராது. வாயப்பயம்னுதான் சொல்லுதுங்க. தனியா கூப்பிட்டுத் திருத்துவீங்களா?"

"அவங்க அம்மா எப்டிச் சொல்றாங்கன்னு மொதல்ல கேப்பேன் மேடம். வூட்ல எல்லாரும் வாயப்பயம்னு சொன்னா அது கோளாறு இல்ல. எங்க வூட்லயும் அப்டித்தான். ஆனா ரெண்டாவது படிக்கற புள்ள காய்க்குப் பதிலா தாய்னு சொன்னா, அதத் தனியா கூப்பிடுவேன். காய் படமும் தாய் படமும் வைப்பேன். அது காய நெனச்சு தாய்னு கேட்டா, தாய் படத்தத்தான் எடுத்துக் குடுப்பேன். 'இது இல்ல மிஸ்'னு அதுக்கே கோவம் வரும். அந்தக் கோவத்துலேர்ந்துதான் க வரும்."

பிரபாவதி சிரித்துவிட்டார். "வந்த பிறகு?"

"வகுப்புக்கு அனுப்பிடுவேன். நானும் அங்க போய் உக்காருவேன். எ... என் ரூம்ல மட்டும் நல்லா பேசி என்ன பிரயோஜனம்? கூட்டாளிங்க கூடப் பேசணும்."

பேச்சு நீண்டுகொண்டே போனது. வார்த்தைகள் பல முறை சிக்கின. இருவரும் காத்திருந்து கேட்டார்கள்.

வெளியே வந்ததும், "இன்னாமா, இவ்ளோ நேரம்?" என்றார் ஷஃபியுல்லா.

"நெறைய கேட்டாங்க அத்தா. எல்லாத்துக்கும் சொன்னேன்."

"இங்கேர்ந்து கேட்டுகினுதான் இருந்தேன்," என்றார். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

வேலை கிடைத்தது. ஜன்னா பணியில் சேர்ந்த சில மாதங்களில் நெம்மேலியிலிருந்து கன்னியம்மா என்ற பெண் தன் மகள் காயத்ரியுடன் வந்தாள். காயத்ரி அந்தப் பள்ளியில் படிப்பவள் இல்லை.

"டீச்சருக்கும் திக்கும்னு சொன்னாங்க. அதான் தேடிகினு வந்தேன்," என்றாள் கன்னியம்மா.

ஜன்னா இருவரையும் உட்காரவைத்தாள். காயத்ரி அவளையே உற்றுப் பார்த்துவிட்டு, வார்த்தை வார்த்தையாகத் தட்டுத்தடுமாறிக் கேட்டாள். "நீங்க பேசறப்போ யா... யாராவது சிரிப்பாங்களா மிஸ்?"

"சிரிச்சிருக்காங்க. நான் பே... பேச வேண்டியத பேசி முடிச்சிடுவேன்."

அடுத்த வாரமும் வருவதாக அம்மாவை முந்திக்கொண்டு காயத்ரியே சொல்லிவிட்டுப் போனாள்.