தோப்புக்கு ஒரு நியாயம், மெஷினுக்கு ஒரு நியாயம்

அன்று வீட்டில் அம்மா, அப்பா, நான், மெஷின் ரிப்பேருக்குப் பாலக்காட்டிலிருந்து வந்த மெக்கானிக் என நான்கு பேர் இருந்தோம். அக்கா இல்லை. அவளைக் கட்டிக்கொடுத்த பிறகு துணி துவைப்பதெல்லாம் அம்மா தலையில் விழுந்ததால்தான், நான் வேலைக்குப் போனதும் முதலில் வாஷிங் மெஷின் வாங்கினேன்.

மெக்கானிக் கழற்றிய ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு பூசியதுபோல் உப்பு படிந்திருந்தது. "போர் தண்ணியில உப்பு கூடுதல். புதுசு போட்டாலும் இதே கதிதான்" என்றார்.

"அப்ப வித்துப்போடலாம். தொவைக்கிற கல்லு சும்மாதான கெடக்குது" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்த நானும் தலையாட்டிவிட்டேன்.

அம்மா வீங்கிய மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, இதே உப்புதான தோப்புல சொட்டுநீர்க் கொழாயை அடைக்குது? வருசா வருசம் ஆசிட் உட்டுக் கழுவறீங்க. தோப்பை வித்துப்போட்டீங்களா? நான் இனிமே கல்லுக்குப் போகமாட்டனுங்க."

வெளியாள் முன்னால் அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மெக்கானிக் குனிந்து சிரிப்பை அடக்கினார். "புதுக் காயிலோட உப்பைப் பிடிக்கிற ஃபில்டரும் மாட்டிருங்க" என்றேன் நான்.

தென்னைக்கு என்றால் விலை கேட்காத வீடு எங்களுடையது. அம்மாவின் கைக்காக அப்பா முதன்முதலாகத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது, காயிலுக்கும் ஃபில்டருக்கும் சேர்த்து, ஏழாயிரத்து நானூறு ரூபாய்.