அடி அண்ணாமலையில் கால் பார்த்த நாள்

அந்த யோசனை வந்தபோது நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். கையில் சோப்பு நுரையோடு அப்படியே எழுந்து, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவுக்கு போன் போட்டேன். "மேடம், மாசா மாசம் பௌர்ணமிக்கு மலை சுத்த இவ்ளோ ஜனம் செருப்பே இல்லாம நம்ம ஊரு வழியா வருது. நாம ஏன் வீடு வீடா போய், காலைக் காட்டு, காலைக் காட்டுன்னு கெஞ்சிக்கினு இருக்கோம்?" என்றேன். அவர் சிரித்தார். "நீ சும்மாவே இருக்க மாட்டியா?" என்று கேட்டார். சரி என்றுதான் அர்த்தம். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். அடி அண்ணாமலையிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்ப்பது, மாத்திரை கொடுப்பது. விரலை நீட்டுங்கள் என்றால் நீட்டிவிடுவார்கள். காலை நீட்டுங்கள் என்றால் வந்தது வினை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் நாளாவட்டத்தில் பாதம் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. புண் சீழ் வைத்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். அதனால் பாதத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் பெரியவர்கள், "ஐய, விடும்மா, ஒரே அழுக்கு" என்று இழுத்துக்கொள்வார்கள். சின்னவர்களோ, "அக்கா, நீங்க போயி என் காலைத் தொடறதா? பாவம் புடிக்கும்" என்று எழுந்தே போய்விடுவார்கள். மரியாதை தெரிந்த ஜனங்கள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எரிச்சல் எரிச்சலாக வரும்.

எல்லாரையும்விட மோசம் என் சொந்த அண்ணன். கீழ்பென்னாத்தூரில் பால் வண்டி ஓட்டுகிறார். சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. தோன்றினால் மாத்திரை போடுவார். ஆனால் ஒரு பௌர்ணமி விடாமல் வெறுங்காலில் மலை சுற்றுவார். காலைக் காட்டச் சொன்னால், "பதினாலு கிலோமீட்டர் நடக்கிற காலு இது. உன் வேலைய பாத்துக்கினு போ" என்பார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர், வலது கால் செருப்பு தெருவிலேயே கழன்று விழுந்தது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்து நின்றார். நான் ஓடிப்போய் அதை எடுத்து வந்தேன். அதற்குப் பிறகும் காட்டவில்லை, மனுஷன்.

பௌர்ணமி வந்தது. மதியம் மூன்று மணிக்கே பாதையோரம் இரண்டு பெஞ்சு, நாலு பேசின், குடம் குடமாகத் தண்ணீர். எங்கள் மகளிர் குழுப் பெண்கள் துண்டுகளை அடுக்கினார்கள். சர்க்கரை என்ற வார்த்தையையே நாங்கள் எடுக்கவில்லை. "கால் கழுவிட்டுப் போங்க" என்று மட்டும் கூப்பிட்டோம். பாதி தூரத்துக்கு மேல் நடந்து, தார் ரோட்டில் வெந்த காலோடு வருகிறவர்களுக்குப் பேசினைப் பார்த்தால் போதாதா? வந்து விழுந்தார்கள். மலை சுற்றுகிறவர் காலைக் கழுவினால் கழுவுகிறவருக்குப் புண்ணியம் அல்லவா? வீட்டில் பாவமாக இருந்தது இங்கே புண்ணியமாகிவிட்டது. ஒருத்தரும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

துடைக்கும் சாக்கில் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். சர்க்கரை உண்டு என்றவர்களைக் கண்ணை மூடச் சொல்லி, நர்சம்மா ஒரு நைலான் இழையால் பாதத்தை அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். ஒரு அம்மா தன் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இழுத்து வந்து, "இவருக்கும் பாருங்க, எனக்குக் காட்டவே மாட்றாரு" என்றார். வரிசை டீக்கடை வரைக்கும் நீண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் மாற்றி மாற்றி இடுப்பு கழன்றாலும் சிரிப்பு அடங்கவில்லை.

ஐந்து மணி இருக்கும். அண்ணன் கூட்டாளிகள் மூன்று பேரோடு வந்தார். என்னைப் பார்த்ததும் ரோட்டின் அந்தப் பக்கம் ஒதுங்கினார். விடுவேனா? "அண்ணா, தண்ணி" என்று கத்தினேன். "தங்கச்சி கூப்புடுது, இன்னா ஓவரா பண்ற" என்று கூட்டாளிகளே அவரைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். ஒரு வருஷமாகப் பார்க்கத் துடித்த கால் என் கைக்கு வந்துவிட்டது.

வலது பாதத்தில், கட்டை விரலுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. அழுக்கென்று தேய்த்தேன். போகவில்லை. நகத்தில் கெட்டியாகத் தட்டியது. இரும்பு ஆணியின் தலை. சுற்றிலும் தோல் வெளுத்து ஊறியிருந்தது, அழுத்தினால் கசிந்தது.

"வலிக்கலயா?" என்றேன்.

"இன்னாது?" என்று என்னையே கேட்டார்.

நர்சம்மா குனிந்து பார்த்தார். "இங்க புடுங்கக் கூடாது. உள்ள எவ்ளோ போயிருக்குதுன்னு பாக்கணும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அண்ணன் எழுந்துவிட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. மலைய முடிச்சிட்டு வரேன்."

"உக்காரு" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அப்பா ரெண்டு காலோடதான உள்ள போனாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் நான் திமிர் என்று திட்டியது முழுக்கப் பயம். அதே ஆஸ்பத்திரியில்தான் எங்கள் அப்பாவுக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை. அவரும் காலைக் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"அப்பா லேட்டா போனாருண்ணா" என்றேன். "வீட்லயே வெச்சிக்கினு இருந்தோம். உனக்கு இன்னும் நேரம் இருக்குது. நானும் கூட வரேன்."

அவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். சுற்றைப் பாதியில் விட்டதே இல்லை அவர். பிறகு, பௌர்ணமிக்காக நிறுத்தி வைத்திருந்த ஆம்புலன்சில் ஏறினார்.

ஆணியை எடுத்து, சீழைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எலும்புக்குப் போகல. காலுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா இனிமே வெறுங்கால் நடை கூடாது, மலைக்கும் சேத்துதான் சொல்றேன்" என்றார். அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். நான் வராந்தாவுக்கு ஓடி நர்சம்மாவுக்கு போன் போட்டேன். "காலு தப்பிச்சிது மேடம்" என்றேன். அந்தப் பக்கம் அவர் சந்தோஷத்தில் கத்தினார்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில், காலில் கட்டும் புதுச் செருப்புமாக ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். ஆட்டோ ஹாரன் அடித்தது. "இன்னாண்ணா?" என்றேன். "இரு" என்று குனிந்து தன் பாதங்களையே பார்த்தார்.

"ரெண்டும் கீது பாரு" என்றார்.

அப்பாவை நாங்கள் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் அந்த வாசல் வழியாகத்தான். அண்ணனை நான் தாங்கிப் பிடிக்கவில்லை. அவர் தானாகவே நடந்து போய் ஆட்டோவில் ஏறினார்.