அவர் பார்க்கத் தவறிய ஸ்லைடு

கண்ணாடி டாக்டர் என்றால்தான் அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். முகத்தில் தடித்த கண்ணாடி, கையில் எந்நேரமும் கண்ணாடி ஸ்லைடு; பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கருப்பை வாய்ப் புற்றுநோயை அது தலைகாட்டும் முன்பே பிடித்துவிடுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. நல்லபடியாக நடமாடும் பெண்களைப் பரிசோதனைக்கு வரவழைப்பது அதைவிடப் பெரும்பாடு. நர்ஸை அழைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார்.

"வலியே இல்லாத இடத்துல என்னத்தைப் பாக்கப் போறீங்க?" என்று தையல் கடைக்காரம்மா ஒருவர் கேட்டார்.

"வலி வந்தப்புறம் பாக்கறதுக்கு நான் எதுக்கு?"

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றது அந்தத் தையல்காரம்மாதான். கூடவே நாலு பேரை இழுத்து வந்திருந்தார். கருப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்து, ஸ்லைடில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் ஐந்து பேருக்கும் சீட்டு போனது: கோளாறு ஒன்றும் இல்லை.

நாலு வருடம் கழித்து, கதிர்வீச்சு வார்டில் தையல்காரம்மா படுத்திருந்ததை டாக்டர் பார்த்தார். நோய் இடுப்பெலும்பு வரை போயிருந்தது.

'ஒன்றும் இல்லை' என்று சீட்டு வாங்கிவிட்டு, பிறகு இதே நோயோடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? பதிவேடுகளைப் புரட்டினார். முப்பத்தொரு பேர். அவர்களுடைய பழைய ஸ்லைடுகளைக் கிடங்கிலிருந்து எடுத்து, பெயர்களைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு, முதல்முறை பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்பது ஸ்லைடுகளில் கெட்ட செல்கள் இருந்தன. அப்போதே இருந்திருக்கின்றன, பார்த்தவர் கண்ணில் படவில்லை. எட்டு ஸ்லைடுகளைப் பார்த்தது அவர் பயிற்சி கொடுத்தவர்கள். ஒன்பதாவது தையல்காரம்மாவுடையது. பதிவேட்டில் அதற்கு நேரே இருந்தது டாக்டரின் சொந்தக் கையெழுத்து. அன்றைக்கு என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை. அவருக்கு அது எல்லா நாளையும் போல ஒரு நாள்.

"எங்கயும் இப்படிக் கொஞ்சம் தவறத்தான் செய்யும்" என்றார் துறைத் தலைவர். "கட்டுரையில எண்ணிக்கையை எழுதுங்க, போதும். நோயாளிகிட்டப் போய் உளறி வைக்காதீங்க."

டாக்டர் நேராக வார்டுக்குப் போய், கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார்.

தையல்காரம்மா அவர் பக்கம் திரும்பினார். "அப்பவே தெரிஞ்சிருந்தா?"

"சின்னதா ஒரு சிகிச்சை. அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பீங்க."

"உங்களை நம்பி நாலு பேரைக் கூட்டிட்டு வந்தேனே..."

"அவங்க ஸ்லைடையும் மறுபடி பாத்துட்டேன்மா. அதுல ஒண்ணுமில்ல."

"என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு?"

"எட்டு. அதுல ரெண்டு பேர் இப்ப இல்ல."

"அவங்க வீட்டுக்கும் போய் இதே மாதிரி சொல்லுங்க. எனக்கு மட்டும் சொல்லி உங்க பாரத்தை எறக்கி வச்சுடாதீங்க."

போனார். ஒரு வீட்டில் கதவை முகத்தில் அறைந்து சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் இறந்தவரின் மாமியார் தண்ணீர் கொடுத்து, "எங்க விதி, நீ என்ன பண்ணுவே" என்றார். டாக்டரால் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க முடியவில்லை.

தன் தவற்றையும் சேர்த்தே கட்டுரை எழுதினார். மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். வரவிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. ஆனால் ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்ற விதி வந்தது. முதல் வருடத்திலேயே, ஒருவர் தவறவிட்டதை மற்றவர் கண்டுபிடித்ததால் பதினொரு பெண்கள் தப்பினார்கள்.

விதி வருவதற்கு இரண்டு மாதம் முன்பே தையல்காரம்மா போய்விட்டார். டாக்டர் துக்கத்துக்குப் போனபோது, கணவர் வாசலிலேயே மறித்தார்.

"உண்மையைச் சொன்னீங்க, சரி. அதுக்காக உங்களை உள்ள கூப்பிட என்னால முடியல."

டாக்டர் தலையசைத்தார். எதிர்ச்சுவரோரமாக, வெயிலில், எடுக்கும் வரை நின்றார்.