நடு இஞ்சின் வண்டியும் ஒரு பாஸிங்கும்

ஷார்ஜாவில், முவைலா பகுதியில், எங்கள் கட்டடத்துக்குக் கீழே மாமாவின் கார் தூசி மூடிக் கிடந்தது. நகராட்சி ஆள் வந்து கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான். வண்டியை எடுக்காவிட்டால் தூக்கிவிடுவோம் என்று போட்டிருந்தது. அத்தை அதைப் படித்துவிட்டுச் சுருக்கமாக முடித்தாள்.

"இந்தச் சனிக்கிழமை பாஸிங் ஆகோணும். இல்லீனா ஸ்க்ராப்காரனக் கூப்பிட்டுருங்க. எனக்கு அந்தப் பார்க்கிங் வேணும்."

பாஸிங் என்றால் வருஷாவருஷம் வண்டியை சோதனை மையத்தில் காட்டி முத்திரை வாங்குவது. மாமா வாதாடவில்லை, சரி என்றார். ஆபீஸ் அவரை ஏற்கெனவே சக்கையாகப் பிழிந்திருந்தது. எனக்கும் அதே கதைதான். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு இங்கே வந்து, கட்டடங்களுக்கு ஏசி தண்ணீர்க் குழாய் வரைபடம் போடுகிறேன். இருக்கிற ஒரு லீவும் இந்த வண்டிக்கே போயிற்று.

வண்டி இத்தாலிக்காரன் செய்த பழைய ரெண்டு சீட்டர். இமை மாதிரி மூடித் திறந்து எழும்பும் முன்விளக்கு, கழற்றி வைக்கிற கூரை, ஆப்பு மாதிரி மூக்கு. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து மாமா வாங்கியது. பார்த்தால் பணக்காரன் வண்டி, உள்ளே பக்கா மிடில் கிளாஸ். இஞ்சினை நடுவில் வைத்தால் பாரம் நடுவில் நிற்கும், வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்கும். ஆனால் அதற்கென்று தனி இஞ்சின், தனி கியர்பாக்ஸ் செய்தால் விலை எங்கேயோ போய்விடும். அதனால் அவர்கள், குடும்பங்கள் ஓட்டும் சின்ன காரின் முன்பக்கத்தில் இருந்த இஞ்சின், கியர்பாக்ஸ் மொத்தத்தையும் அப்படியே எடுத்து சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். செம மூளை. நேற்றைய இட்லியை உப்புமா ஆக்குகிற மூளை.

ஆனால் ரேடியேட்டர் மட்டும் முன்னாலேயே இருந்தது, காற்று அங்கேதானே அடிக்கும். அதனால் தண்ணீர் தரைக்கு அடியில் ரெண்டு நீளக் குழாயில் முன்னும் பின்னும் நடையாய் நடக்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்தோம். கொஞ்ச நேரத்தில் முள் சிவப்புக்கு ஏறியது. கட்டட வாட்ச்மேன், ஒரு பெங்காலி, உதவிக்கு ஓடி வந்து முன் பானெட்டைத் திறந்தார். உள்ளே காலி.

"பாய், இஞ்சின் கிதர்?"

"பின்னாடி," என்றார் மாமா தமிழிலேயே.

"பீச்சே? தோ ஆகே கியா ஹே?" அப்போ முன்னால் என்னதான் இருக்கிறது என்று கேட்டார்.

"அத்தைக்கு மளிகை வைக்க," என்றேன். அவருக்குப் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்தும் சிரிப்பு வரவில்லை.

"போன வாரந்தான்டா புதுத் தண்ணி ஊத்துனேன். பின்னாடி டேங்க் தளும்பத் தளும்ப. அப்பறம் ஏன்டா கொதிக்குது?" என்றார். "விட்றா. ஸ்க்ராப்காரன் நம்பர் இருக்குதா உங்கிட்ட?"

ஆகஸ்ட் வெயில். வண்டி ஆறட்டும் என்று தூண் நிழலில் உட்கார்ந்தோம். டிசைன் அறிவையெல்லாம் காட்டும் தெம்பு எனக்கு இல்லை. வாயில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு சும்மா பார்த்தேன். டேங்க் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவே நீளக் குழாய். ஆபீஸில் தினமும் போடுகிற கோடுதான் அது. குழாய் எங்கே உயர்கிறதோ அங்கே காற்று போய் உட்காரும், அங்கே ஒரு திறப்பு வைக்காவிட்டால் தண்ணீர் நகராது. அதை வரையாமல் விட்டால் என் மேனேஜர் காறித் துப்புவார்.

"மாமா, தண்ணி ஊத்துறப்ப ஹீட்டர் நெம்புகோல் எங்க இருந்துச்சுங்க?"

"ஹீட்டரா? ஷார்ஜால எவன்டா ஹீட்டரத் தொடுவான்? வாங்குன நாள்ல இருந்து மூடித்தான் கெடக்குது."

அங்கேதான் சிக்கியிருந்தோம். ஹீட்டரும் அதே தண்ணீர்ப் பாதையில் ஒரு கிளை. அது மூடியிருந்தால் உள்ளே இருக்கிற காற்று வெளியே வராது. இத்தாலியில் குளிருக்கு எல்லாரும் திறப்பார்கள். இங்கே வாழ்நாள் முழுக்க ஒருவனும் திறக்கமாட்டான்.

வண்டி நன்றாக ஆறியதும், வாட்ச்மேனும் நாங்களும் தள்ளி, பேஸ்மென்ட் சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தினோம். டயருக்குக் கல் வைத்தோம். ஹீட்டரை முழுக்கத் திறந்து, ரேடியேட்டர் தலையில் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தி, பின்னால் தண்ணீர் ஊற்றினேன். புஸ்ஸென்று வெகுநேரம் காற்று வந்தது. பிறகு தண்ணீர்.

"யல்லா," கிளம்புங்கள் என்றார் வாட்ச்மேன். எங்களைவிட அவருக்குத்தான் உற்சாகம்.

சோதனை மையத்தில் நீள வரிசை. நின்று நின்று நகர்ந்ததில் முள் மறுபடி மேலே போகப் பார்த்தது. இஞ்சின் சூட்டை இறக்க ஒரே வழி ஹீட்டர், அது அந்தச் சூட்டை எங்கள் பக்கம் ஊதிவிடும். முழு வேகத்தில் போட்டேன். கூரையைக் கழற்றி முன்னால் வைத்துவிட்டு, மேலே வெயில், கீழே சூடு என்று உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வண்டிக்காரன் தன் ஏசியில் இருந்து எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"மாப்ள, வெந்துருவோம் போலருக்குதே."

"முள்ளு எறங்குது, பேசாம வேகுங்க மாமா."

எங்கள் முறை வந்ததும் மாமாவை உள்ளே ஏசி ஹாலுக்கு அனுப்பினேன். டெஸ்டரும் முன் பானெட்டைத்தான் திறந்தார். உள்ளே கிடந்த கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இஞ்சின் மாஃபி?" இஞ்சினே இல்லையா என்று கேட்டார்.

பின்னால் கையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார், பிரேக்கை அமுக்கினார், புகையை அளந்தார், முத்திரை குத்தினார்.

ஹாலில் மாமா நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் காய்ந்து உப்புப் பூத்திருந்தது. தோளைத் தட்டினேன்.

"ஃபெயிலா?" என்றார் கண்ணைத் திறக்காமல். அந்தக் கேள்வியில் கொஞ்சம் ஆசையும் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

"பாஸ் மாமா. ஒரு வருஷத்துக்கு."

கண்ணைத் திறந்தார்.

"அப்ப அடுத்த ஆகஸ்ட்டும் இதே வேலதானா," என்றார். பிறகு எழுந்து, சாவியைக் கேட்டுக் கை நீட்டினார்.