அக்காவுக்குப் பதிலாக எறிந்த இரண்டு பந்துகள்

பதின்மூன்று வயதில் எனக்குப் பந்து எறியத் தெரியாது. ஆட்டத்தின் சட்டம் மட்டும் நன்றாகத் தெரியும். வெள்ளவத்தையில் எங்கள் கூடைப்பந்துக் கழகத்துக்கு அக்காதான் அணித்தலைவி. அந்த வாரம் இரண்டு பேர் டெங்குக் காய்ச்சலில் படுத்துவிட்டதால், ஆட்கணக்குக்கு என்னையும் வாங்கில் உட்கார வைத்தார்கள். மாற்று ஆட்டக்காரி என்று பெயர். செய்த வேலை தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல்.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. விடிய ஐந்து மணிக்கு ஓட்டம், பகலில் கணக்கியல் வகுப்பு, பின்னேரம் பயிற்சி. இடது முழங்கால் இரண்டு மாதமாக வீங்கியிருந்தது. ஐஸ் வைத்துவிடுவது நான் என்பதால் வீட்டில் எனக்கு மட்டும் அது தெரியும். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்பது அவளுடைய கட்டளை. ஒரு கம்பனி தன் மகளிர் அணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. எடுபட்டால் வேலையும் நிச்சயம். அப்பா அதை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லி முடித்திருந்தார். “இன்னும் கொஞ்ச நாள்தானே பிள்ளை, பல்லைக் கடிச்சுக்கொண்டு விளையாடு” என்று காலையும் மாலையும் சொல்வார். பாவம், அவர் நல்லதற்குத்தான் சொன்னார். கேட்டுக் கேட்டு எனக்கே களைத்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் நடந்த இறுதியாட்டத்துக்குக் கம்பனி ஆள் வந்திருந்தார். ஆட்டம் தொடங்குமுன் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“நான் விழுந்தா நானே எழும்புவன். நீ உள்ளுக்கு வரக்கூடாது, விளங்குதோ?”

“ஓம்” என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். காரணம் எனக்குத் தெரியும். விழுந்தவள் உடனே தானாக எழும்பினால் தொடர்ந்து ஆடலாம். வாங்கிலிருந்து யாராவது போய்த் தூக்கினால் அவள் வெளியே வந்தேயாக வேண்டும். மோதி விழுத்தியதற்காக அவளுக்குக் கிடைத்த பிரீ த்ரோவையும், யாரும் மறிக்காமல் கூடைக்கு எறியும் அந்தப் பந்தையும், அவளுக்குப் பதிலாக இறங்குபவள்தான் எறிய வேண்டும். களத்தில் நிற்பவர்களில் நன்றாக எறிகிறவளாகப் பார்த்துத் தெரிவு செய்ய முடியாது. அன்று மாற்றுக்கு மிஞ்சியிருந்ததோ நான் மட்டும்தான்.

முடிய நான்கு செக்கன் இருக்கையில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். அக்கா கூடைக்கு எம்பினாள், எதிரணிப் பெண் மோதினாள், விசில் ஊதியது. இரண்டு பிரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் கிண்ணம் எங்களுக்கு, அனேகமாக வேலை அக்காவுக்கு. ஆனால் அக்கா முழங்காலைப் பிடித்தபடி தரையில் கிடந்தாள்.

“உள்ளுக்குப் போகாதே” என்று பயிற்சியாளர் மிஸ் கையை விரித்து என்னை மறித்தார். “எழும்பு பிள்ளை, எழும்பு!” என்று அப்பா பார்வையாளர் படிகளின் மேலேயிருந்து கத்தினார்.

அக்கா தலையைத் தூக்கினாள். மிஸ்ஸைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது, மிஸ்ஸின் கைக்குக் கீழால் புகுந்து ஓடிப்போய் அவளைத் தூக்கினேன்.

“ஏன்டி வந்தனி, மூதேவி!” என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். கத்தியபடியே தன் பாரம் முழுவதையும் என் தோளில் போட்டாள்.

நடுவர் “நங்கி, எளியட்ட” என்று சிங்களத்தில் சொல்லி அவளுக்கு வெளியே கைகாட்டினார். பிறகு பந்தை என்னிடம் தந்தார்.

முதலாவது பந்து வளையத்தைத் தொடவேயில்லை. இரண்டாவது தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போனது. மீதி நான்கு செக்கனும் ஓடி முடிய, எதிரணிக்காரிகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கம்பனி ஆள் கொப்பியை மூடிவிட்டுப் போனார். அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்காவின் பையைத் தூக்கினார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

புறக்கோட்டையில் மாறி ஏறிய பஸ்ஸில் அப்பா முன்னால் போய் உட்கார்ந்தார். அக்கா ஜன்னல் பக்கம் என்னருகில். கொள்ளுப்பிட்டி வருமுன்னரே கண்ணை மூடி என்மேல் சாய்ந்துவிட்டாள். வாய் திறந்திருந்தது, எச்சில்கூட வடிந்தது. மாதக்கணக்கில் அவள் அப்படித் தூங்கி நான் கண்டதில்லை.

இப்போது எனக்கும் ஒரு வேலை இருக்கிறது, “இன்னும் கொஞ்சம்தானே” என்று சொல்ல ஆட்களும் இருக்கிறார்கள். சில நாட்களில், யாராவது ஓடிவந்து என்னையும் வெளியே எடுத்துவிட்டால் என்ன என்றிருக்கிறது. அன்று எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? கோபத்தில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் கண்ணை மூடியிருக்கிறாள் என்று நினைத்து, வெள்ளவத்தை வரும்வரை அவளிடம் மெதுவாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன்.