சலவைக்கடை மாடியிலிருந்து வந்த தகவல்

தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் பதினோரு வருடமாக அவள் காற்றோடு குடித்தனம் நடத்துகிறாள். எங்காவது நச்சு வாயு கசிந்தால், காற்றின் திசையையும் வேகத்தையும் கணினியில் ஏற்றி, அது எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும் என்று சொல்வது வேலை. "காத்து எந்தப் பக்கம் போனா உனக்கென்ன, சாப்பிட வா" என்று அண்ணன் சீண்டாத ஞாயிறு கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்குக் குளிர்பதனக் கிடங்கில் அமோனியாக் குழாய் வெடித்தது. விமான நிலையம் தரும் காற்றுத் தகவலை நம்பினால் வாயு ஆற்றுப் பக்கம் போய்விடும். கிடங்குக்குப் பின்தெருவில், சலவைக்கடை மாடியிலிருந்த காற்றுமானியோ சுழியம் காட்டியது. காற்றே இல்லையா, கருவிதான் மக்கர் பண்ணுகிறதா? கிடங்குக்கு முன்புறம் பள்ளிக்கூடம். நானூறு பிள்ளைகள்.

"மேடம், பிள்ளைங்களை மைதானத்துக்குக் கொண்டுவரச் சொல்லவா?" தீயணைப்பு அதிகாரி அறை வாசலிலேயே நின்றார்.

"ஒரு நிமிஷம் சார்." சலவைக்கடைக்காரியைப் போனில் பிடித்தாள். "அக்கா, மாடியிலயா இருக்கீங்க?"

"பின்ன, அரண்மனையிலயா? துணி காயப்போடுறேன்."

"துணி எந்தப் பக்கம் பறக்குது?"

"கிடங்குப் பக்கம். கிளிப்பையே பிடுங்கிட்டுப் போகுது. உன் மிஷின்தான் சுத்தல, குருவி நூலைச் சுத்தி வச்சிருக்கு. சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன்."

கடல்காற்று அன்று சீக்கிரமே ஊருக்குள் நுழைந்திருந்தது; விமான நிலையத்தை இன்னும் எட்டவில்லை. அக்கா சொன்னதைக் கையாலேயே கணினியில் ஏற்றினாள். திரையில் வாயு நேராகப் பள்ளி மைதானத்தின் மேல் போய் இறங்கியது. நான்கே நிமிடம்.

"யாரும் வெளிய வரக்கூடாது சார்! ஜன்னல், ஏசி எல்லாத்தையும் அடைக்கச் சொல்லுங்க!"

நாற்பது நிமிடம் கழித்துக் கசிவு நின்றது. கிடங்குக் காவலாளிக்கு மட்டும் கண் எரிச்சல்.

மாலையில் நன்றி சொல்லச் சலவைக்கடைக்குப் போனாள். "நீங்க சொல்லலேன்னா அக்கா..."

"அட போம்மா, துணியப் பாத்துச் சொன்னதுக்கா?" என்றவள், இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தாள். "என் சின்னவ அங்கதான் படிக்கிறா. உனக்குத் தெரியாதுல்ல?"

தெரியாது. அதற்குள் சின்னவளே பையோடு வந்து நின்றாள். எதிரே இருப்பது யாரென்று அவளுக்கு என்ன தெரியும்?

"அம்மா, இன்னிக்கு எவளோ சொன்னான்னு ஜன்னலையெல்லாம் சாத்திட்டாங்க. ஒரே வேக்காடு! மூச்சு முட்டிச்சு. விளையாடவும் விடல."

"ஏய், வாயை மூடு" என்று அக்கா பதறினாள்.

"இருக்கட்டும் அக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சின்னவள் பக்கம் திரும்பினாள். "வேற என்னெல்லாம் பண்ணாங்க? சொல்லு, நல்லாத் திட்டு."